கட்டில் அளவு புல்

மரக்காணத்தில் உரக்கடை வைத்திருப்பவன் நான். முப்பத்தோரு வருஷமாக இந்தத் தொழில். டப்பாவில் ஒட்டியிருக்கும் தாளைப் படித்துவிட்டு மருந்து வாங்கிய மனிதன் என்று ஒருவனைக்கூட இதுவரை நான் பார்த்ததில்லை. படித்தவன், படிக்காதவன், வெளிநாடு போய் வந்தவன், எல்லாரும் ஒன்றுதான். "நல்லா கேக்குமா?" என்பார்கள். கேட்கும் என்றால் பையில் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள். பிறகு பயிர் கருகிவிட்டது என்று என் கடை வாசலில் வந்து நின்று சண்டை போடுவார்கள். அதனால் களைக்கொல்லி கேட்டு வருகிற எல்லாரிடமும் நானே ஒரு கேள்வி கேட்டுவிடுவது வழக்கம். மருந்து அடித்த இடத்தில் அடுத்து என்ன வைக்கப் போகிறீர்கள்? தர்பூசணி என்பார்கள், மல்லாட்டை என்பார்கள், சவுக்கு என்பார்கள். அதற்குத் தகுந்த மருந்தாகப் பார்த்துக் கொடுப்பேன்.

அப்துல் கையூமிடமும் அதைக் கேட்டேன். கேட்கவில்லை என்று நாளைக்கு யாரும் சொல்லிவிடக் கூடாது.

போன வருஷம் தை மாதம். கூனிமேட்டிலிருந்து ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒரு வகுப்பு மேலே படித்தவர். இருபத்து நாலு வருஷம் கத்தாரில் தோட்ட வேலை பார்த்துவிட்டு, அதற்கு முந்தைய வருஷம்தான் ஒரேயடியாக ஊர் திரும்பியிருந்தார். தோட்ட வேலை என்றால் பூச்செடி, காய்கறி எல்லாம் இல்லை. புல். ஹோட்டல் வாசல், பெரிய வீடுகளின் முன்பக்கம், ரவுண்டானா என்று எங்கெல்லாம் வெறும் மணல் இருக்கிறதோ அங்கெல்லாம் மட்டப்படுத்தி, குழாய் பதித்து, புல் பதிப்பது அவர் வேலை. அந்த ஊரில் விலை கொடுத்து வாங்கிப் பதிக்கும் புல்லில் பாதி நம் அருகம்புல்தான், நீங்கள் பிள்ளையாருக்குச் சாத்துவதுதான் என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் ரொம்ப நாள் நம்பவில்லை.

"ஏம்பா சக்கரபாணி, பராஅத் வருது. கபர்ஸ்தான் முழுக்க முள்ளும் பொதருமா கெடக்குது. ஜமாத்துல என்னைய க்ளீன் பண்ணச் சொல்லிட்டாங்க. நல்ல மருந்தா குடு."

பராஅத் இரவில் கூனிமேட்டு ஆண்கள் எல்லாரும் கபர்ஸ்தானுக்குப் போய், அவரவர் வீட்டில் இறந்துபோன மவுத்தாக்களுக்காக துஆ கேட்பார்கள். இருட்டில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிறவர்களுக்கு நெருஞ்சி குத்தக் கூடாது இல்லையா. புல்லுக்கு இருபத்து நாலு வருஷம் ராஜாவாக இருந்தவரைத்தான் ஜமாத்தில் பிடிப்பார்கள்.

"அடிச்ச எடத்துல எதாச்சும் நடப் போறீங்களா பாய்?"

அவர் சிரித்தார். "கபர்ஸ்தான்ல என்னப்பா நடுவோம்? மனுஷங்களத்தான்."

நானும் சிரித்தேன். அதுதான் நான் செய்த தப்பு. சிரித்துக்கொண்டே உள்ளே போய், உப்பள முதலாளிகளுக்காக வாங்கி வைத்திருந்த டப்பாவை எடுத்து வந்து கொடுத்தேன்.

களைக்கொல்லியில் பல ரகம் இருந்தாலும் வாங்க வருகிறவர்களுக்கு நான் இரண்டாகத்தான் பிரித்துச் சொல்வேன். ஒன்று, இலையில் பட்டுச் செடியைக் கொல்லும். மண்ணில் விழுந்தால் கொஞ்ச நாளில் வேகம் போய்விடும், அடுத்த பயிர் வைக்கலாம். இன்னொன்று மண்ணிலேயே தங்கும். ஏற்கெனவே முளைத்ததைக் கொல்வது மட்டுமில்லை, இனிமேல் முளைக்கப் போவதையும் கொல்லும். உப்பை அம்பாரமாகக் குவித்து வைக்கிற மேடு, லாரி வந்து திரும்புகிற பாதை, ஷெட்டைச் சுற்றி, இங்கெல்லாம் எதுவும் முளைக்கக் கூடாது என்று அடிப்பார்கள். ஒரு தடவை அடித்தால் ஒரு வருஷத்துக்குத் திரும்பிப் பார்க்க வேண்டாம். பயிர் வைக்கிற மண்ணில் அடிக்காதே என்று டப்பாவிலேயே போட்டிருக்கும். அதைத்தான் யாரும் படிப்பதில்லையே.

கையூம் பாய்க்குப் பழக்கம் முதல் ரகம். கத்தாரில் பழைய புல்லைக் கருக்க அதை அடிப்பார்களாம், ரெண்டு வாரம் பொறுத்துப் புதுப்புல் பதிப்பார்களாம். எல்லாக் களைக்கொல்லியும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டார். போதாததற்கு, அல்லாஹ்வுடைய காரியத்தை அரைகுறையாகச் செய்யக் கூடாது என்று சொன்ன அளவுக்கு இரண்டு பங்கு கலந்து, கேட்டிலிருந்து தெற்குப் பக்கம் முழுக்க ஒரு அடி விடாமல் அடித்தார். வடக்கு மூலைக்குப் போகும்போது மருந்து தீர்ந்துவிட்டது. அதை மண்வெட்டியால் செதுக்கிவிட்டார்.

பராஅத் இரவில் எல்லாரும் பாராட்டினார்கள். தரையில் உட்கார்ந்து சாப்பிடலாம் போல இருக்கிறது என்று பள்ளிவாசல் நிர்வாகம் பார்க்கும் முத்தவல்லியே சொன்னாராம். அடுத்த நாள் என் கடைக்கு வந்து சுவீட் பாக்ஸ் கொடுத்துவிட்டுப் போனார்.

இரண்டு மாசம் கழித்து, நோன்புப் பெருநாள் முடிந்த பதினைந்தாம் நாள், அவருடைய மனைவி ஜெயினம்பு இறந்துபோனார்.

ஜெயினம்பு அம்மாவை எனக்கு நன்றாகத் தெரியும். பாய் வெளிநாட்டில் இருந்த காலத்தில் தென்னைக்கு வேப்பம்புண்ணாக்கு வாங்க அவர்தான் கடைக்கு வருவார். அதிகம் பேச மாட்டார். பேசினால் பாதிப் பேச்சு வீட்டுக்காரரைப் பற்றியதாக இருக்கும். அவர் அனுப்பிய போட்டோக்களைப் போனில் தள்ளித் தள்ளிக் காட்டுவார். ஒன்றில்கூட மனிதர் இருக்க மாட்டார், எல்லாம் புல். "இது அவரு போட்டது, இதுவும் அவரு போட்டது" என்பார். கல்யாணமாகி முப்பது வருஷத்தில் புருஷனோடு சேர்ந்து இருந்தது எல்லாம் கூட்டினால் எட்டு வருஷம் தேறுமா என்று எனக்குச் சந்தேகம்தான்.

அந்தப் போட்டோக்களைப் பார்த்துப் பார்த்துத்தான் அந்த அம்மாவுக்கு அந்த ஆசை வந்தது என்று நாங்கள் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தோம். வீட்டு முன்னால் கொஞ்சம் புல் வேண்டும். பெரிதாக ஒன்றுமில்லை, "ஒரு கட்டில் அளவு இருந்தா போதும்" என்பார். பாய் லீவில் வரும்போதெல்லாம் கேட்பார். பாயும் ஒவ்வொரு தடவையும் தொழில் தெரிந்தவராக விளக்கம் சொல்வார். நம்ம ஊர் தண்ணி உப்பு, புல்லுக்கு ஆகாது. நிறுத்தினாலும் தினமும் ரெண்டு வேளை தண்ணீர் ஊற்ற வேண்டும், மாசத்துக்கு ரெண்டு தடவை வெட்ட வேண்டும், ஆள் பக்கத்திலேயே இருக்க வேண்டும். நான் வந்து செட்டில் ஆனதும் போட்டுத் தருகிறேன் என்பார்.

செட்டில் ஆனதும் என்ன செய்தார் தெரியுமா? வீட்டு முன்பக்கம் முழுக்கச் சிவப்பும் சாம்பலுமாகச் சிமெண்டுக் கல் பதித்துவிட்டார். கொத்தனாரை நிற்க வைத்து மட்டம் பார்த்துப் பார்த்துப் பதித்தார். நான் போய்ப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டேன். "ஏன் பாய், வீட்டம்மா புல்லு கேட்டாங்களே?" என்றதற்கு, "வேணாம்பா. இருவத்து நாலு வருஷம் முட்டி தேய புல்லுலயே கெடந்தாச்சு. பாத்தாலே அலுப்பா இருக்குது" என்றார். ஜெயினம்பு அம்மா டீ கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனார். அவருக்கு அப்போதே சர்க்கரையும் நெஞ்சுவலியும் இருந்தன.

அடக்கத்துக்கு நான் கேட் வரைக்கும் போயிருந்தேன். தெற்குப் பக்கத்தில், கேட்டுக்கு நேர் எதிரே இடம். மருந்து அடித்த பிறகு அந்தப் பக்கம் வெட்டின முதல் குழி அதுதான். குழி மூடினதும் மேலே மேடு கட்டுவார்கள். மேடு சரிந்து சரிந்து போகவே, சுற்றிலும் இருந்த மேல் மண்ணை மண்வெட்டியால் வழித்து வழித்துப் போட்டு நிரவினார்கள். கூனிமேட்டில் எப்போதும் அப்படித்தான் செய்வார்கள். மருந்து தங்குவது மேல் மண்ணில்தான். நாலு பக்கத்து விஷத்தையும் கூட்டிச் சேர்த்து அவர் மேலேயே போட்டார்கள் என்பது அன்றைக்கு யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். எனக்கும் தோன்றவில்லை.

கபர் மேல் பச்சையாக எதையாவது நட்டு வைப்பது அவர்கள் வழக்கம். அந்தப் பச்சை ஈரமாக இருக்கும் வரைக்கும் அது அல்லாஹ்வை நினைத்துக்கொண்டே இருக்கும், உள்ளே இருப்பவருக்கு அதனால் லேசாகும் என்று நம்பிக்கை. பாய் ஒரு மருதாணிக் கன்றை வேரோடு கொண்டுவந்து தலைமாட்டில் நட்டார். மூன்றாம் வாரம் அது பழுத்துக் காய்ந்துவிட்டது. வெயில் என்று நினைத்துக்கொண்டார். வேறொன்று நட்டார். அதுவும் போயிற்று.

அப்போதுதான் அவருக்கு அந்த எண்ணம் வந்தது. மருதாணி வேண்டாம். அவள் கேட்டது புல். ஒரு கட்டில் அளவு. இப்போது அவளுக்கு இருப்பது சரியாக அந்த அளவு இடம்தான். அருகம்புல்லை வேர்க்கணுவோடு வெட்டிக் கொண்டுபோய், கத்தாரில் பெரிய மனிதர் வீட்டு வாசலுக்குச் செய்வதைவிடப் பொறுமையாக, விரல் இடைவெளி விட்டு நட்டிருக்கிறார். பள்ளிவாசல் போர் தண்ணீரைக் குடம் குடமாகக் கொண்டுவந்து ஊற்றினார். அந்தத் தண்ணீரும் உப்பு என்பது அவர் வாயாலேயே எத்தனையோ தடவை சொன்ன சங்கதி. துக்கத்தில் இருப்பவனுக்குத் தான் சொன்னதே ஞாபகம் இருக்காது போலிருக்கிறது.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், ஐப்பசியிலிருந்து அவர் என்னிடம் புல் விதை வாங்க ஆரம்பித்தார். ஐப்பசியில் ஒரு பாக்கெட். கார்த்திகையில் இரண்டு. மார்கழியில் மறுபடியும் வந்து, "இதவிட நல்ல வெதை இல்லையாப்பா?" என்றார்.

"எங்க பாய் வெதைக்கிறீங்க? மொட்டை மாடிலயா?" என்று கிண்டலாகக் கேட்டேன்.

சொன்னார். நான் விற்ற டப்பா அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

"மொளைக்குதா?" என்று மட்டும் கேட்டேன்.

"மொளைக்குதுப்பா. அதான் வெளங்கல. நாலாம் நாளு ஊசி மாதிரி பச்சையா வருது. ஆசையா இருக்குது பாக்க. ரெண்டாவது எலை விட்டதும் நுனி மஞ்சளாவுது. அப்புறம் வெளுத்துப் போயி சாஞ்சிடுது. மறுபடி மறுபடி அதே மாதிரி."

அது போதும் எனக்கு. விதைக்குள் இருக்கும் சாப்பாடு தீரும் வரைக்கும் கன்று பச்சையாக இருக்கும். வேர் இறங்கி மண்ணிலிருந்து தண்ணீரை எடுக்க ஆரம்பித்ததும் அதோடு சேர்ந்து மருந்தும் உள்ளே போகும். பிறகு இலை தன் சாப்பாட்டைத் தானே ஆக்கிக்கொள்ள முடியாமல் போய்விடும். பட்டினியால் சாவதுதான் அது. ஈரம் இருந்தால், மக்கு நிறைந்த மண்ணாக இருந்தால், மண்ணில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் மருந்தைத் தின்று தீர்த்துவிடும். நல்ல மழை பெய்தால் கழுவிக்கொண்டாவது போகும். எங்கள் பக்கம் அந்த ஐப்பசி கார்த்திகை மழை நாலு தூறலோடு முடிந்துபோயிருந்தது. கடலோரத்து உப்பு மண்ணில் தின்ன உயிரும் கிடையாது.

நான் இதைச் சொல்லி முடித்தபோது அவர் என் கடை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். போனை எடுத்து ஒரு போட்டோவைக் காட்டினார். பச்சைப் பசேலென்று புல் மூடிய ஒரு கபர்.

"சனோபர் போன் பண்றப்பல்லாம் கேக்குறாப்பா. அம்மா மேல பச்சை வந்துடுச்சா அத்தா, போட்டோ அனுப்புங்கன்னு. எத்தனை நாளு இல்லன்னு சொல்றது? இது வடக்கு மூலையில இருக்கிற பழைய மரக்கடைக்காரரு கபரு. எடுத்து அனுப்பிச்சிட்டேன். அத போன்ல வால்பேப்பரா வச்சிருக்கிறாளாம்."

சனோபர் அவருடைய ஒரே மகள். ஷார்ஜாவில் புருஷன் அஸ்லமோடு இருக்கிறாள். தாய் இறந்த அன்று டிக்கெட் கிடைத்து வருவதற்குள் அடக்கம் முடிந்துவிடும் என்று அவள் வராமலே இருந்துவிட்டாள்.

"அவ அம்மாவோட வருஷ ஃபாத்திஹாவுக்கு வர்றா. இன்னும் மூணு மாசம் இருக்குது. அதுக்குள்ள எனக்கு அந்த எடம் பச்சையாவணும் சக்கரபாணி. எதாச்சும் பண்ணு. நீதான் பண்ணணும்."

கடைசி வார்த்தையை அவர் குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால் எனக்கு அப்படித்தான் கேட்டது.

முதலில் மண்ணைச் சோதித்துப் பார்க்க வேண்டும். குத்தகைக்கு நிலம் எடுக்கிற தர்பூசணிக்காரர்களுக்கு நான் சொல்லிக் கொடுக்கும் முறைதான். சந்தேகப்படும் மண் ஒரு டப்பாவில், மருந்து படாத மண் ஒரு டப்பாவில், இரண்டிலும் ஒரே விதை, ஒரே தண்ணீர். கபர் மண்ணை எடுக்கலாமா என்று பாய் தயங்கினார். பள்ளிவாசலில் தொழவைக்கும் ஹஜ்ரத்திடம் கேட்டார். எடுத்ததைத் திருப்பி அங்கேயே போட்டுவிட வேண்டும் என்று சொல்லி அனுமதித்தார். கால்மாட்டிலிருந்து இரண்டு கைப்பிடி மண்ணைக் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்தார். அவர் அதைப் பிடித்துக்கொண்டு வந்த விதத்தைப் பார்த்து, கடையில் இருந்த இரண்டு பேர் தாமாகவே எழுந்து நின்றார்கள்.

டீ குடிக்கும் பேப்பர் கப்பில் கேழ்வரகு தூவி என் கல்லாவுக்குப் பக்கத்து ஜன்னலில் வைத்தோம். தினமும் காலையில் வந்து பார்ப்பார். இரண்டிலும் முளைத்தது. பத்தாம் நாள் ஊர் மண் கப்பில் கேழ்வரகு கரும்பச்சையாக நிமிர்ந்து நின்றது. கபர் மண் கப்பில் நுனி மஞ்சள். பதினைந்தாம் நாள் ஒன்றும் இல்லை. காய்ந்த கன்றுகளைப் பொறுக்கிவிட்டு மண்ணை மறுபடியும் கைக்குட்டையில் முடிந்துகொண்டு போனார். நான் கப்பை உதறிக் காட்டினேன், ஒரு துளி ஒட்டியிருக்கவில்லை என்று.

அடுத்தது வைத்தியம். எனக்குத் தெரிந்தது மூன்று. மேல் மண்ணை ஒரு சாண் ஆழம் வாரிவிட்டு வேறு நல்ல மண் போடலாம். கரித்தூள் கலக்கலாம், கரி மருந்தைப் பிடித்து வைத்துக்கொண்டு வேருக்கு விடாது. மக்கின சாண எரு போடலாம். மூன்றையும் பாய் ஹஜ்ரத்திடம் கொண்டுபோனார்.

திரும்பி வந்து திண்டாட்டத்தோடு சொன்னார். "குழியிலேர்ந்து எடுத்த மண்ணையும் அத சுத்தி இருக்கிற மண்ணையும்தான் கபர் மேல போடணுமாம்ப்பா, வெளி மண்ணு சேக்கறது நல்லதில்லன்றாரு. நெருப்புல வெந்தது எதையும் கபர் மேல வைக்கறதில்லையாம், அதனால கரி கூடாது. சாணி..." என்று நிறுத்தினார். அதை அவர் சொல்லவே வேண்டாம்.

"அப்ப என்னதான் பண்ணச் சொல்றாரு உங்க ஹஜ்ரத்து?" என்று எரிந்து விழுந்தேன்.

"தண்ணி ஊத்தலாமாம். எவ்ளோ வேணா ஊத்தலாம்."

என் கடையில் இருக்கும் வைத்தியம் எல்லாம் தீர்ந்து, கடையில் விற்காத ஒன்று மட்டும் மிஞ்சியது. யோசித்துப் பார்த்தால் ஹஜ்ரத் சொன்னதில் தப்பில்லை. நல்ல தண்ணீர் நிதானமாக இறங்கினால் மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே கொண்டுபோய்விடும். ஆனால் உப்புத் தண்ணீர் ஆகாது. இரும்பை என்ற ஊர்ப் பக்கம் ராமதாஸ் என்று ஒரு மல்லாட்டைக்காரர், என் வாடிக்கை. அவருடைய போரில் தண்ணீர் இளநீர் மாதிரி இருக்கும். கேட்டேன். "மகராசனா புடிச்சிட்டுப் போவட்டும்" என்றார்.

மாசிப் பிறப்பிலிருந்து பாய் தினமும் ஸ்கூட்டரில் இரண்டு கேன் கட்டிக்கொண்டு இரும்பைக்குப் போய் வந்தார். காலையில் ஒரு கேன், சாயங்காலம் அசர் தொழுதுவிட்டு ஒரு கேன். நோன்பு மாசம் வந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் தொண்டையில் படாமல் இருபது லிட்டர் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு நடந்தார். பூவாளியில் ஊற்றுவார். ஊற்றி முடித்ததும் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மண்ணையே உற்றுப் பார்ப்பார். அங்கே பத்துப் பதினைந்து அருகங்கணு நட்டிருந்தார். ஒன்று பழுத்தால் எடுத்துவிட்டு வேறொன்று நடுவார்.

"இன்னிக்கு ஒண்ணு மூணு நாளா அப்படியே நிக்குதுப்பா" என்று போன் பண்ணுவார். மறுநாள் போன் வராது. எனக்குப் புரிந்துவிடும்.

நானும் பொய் சொல்லவில்லை. இவ்வளவு மருந்துக்கு இந்தத் தண்ணீர் ஒரு மாசத்தில் போதாது பாய், இன்னொரு மழைக்காலம் வேண்டும் என்று சொல்லிவிட்டேன். "மழைக்காலத்துக்கு அவ ஷார்ஜா போயிடுவாளே" என்றார்.

பெருநாளுக்கு அடுத்த வாரம் சனோபர் வந்தாள். வந்த மூன்றாம் நாள் சாயங்காலம் பாய் போன் பண்ணினார். ஸ்கூட்டர் பஞ்சராம், கடை லோடு ஆட்டோவில் தண்ணீர் கேனை ஏற்றி வர முடியுமா என்று கேட்டார். போனேன். வாசலில் ஸ்கூட்டர் நின்றது. இரண்டு டயரிலும் காற்று நிறைய இருந்தது. தனியாகப் போகப் பயந்திருக்கிறார். நான் கேன்களை ஏற்றினேன். சனோபர் கருப்புப் பர்தாவில் இறங்கி வந்து, "நல்லா இருக்கீங்களா மாமா?" என்று கேட்டுவிட்டு முன்னால் ஏறிக்கொண்டாள். பாய் பின்னால் கேன்களோடு உட்கார்ந்தார்.

கூனிமேட்டில் பெண்கள் கபர்ஸ்தானுக்குள் போவதில்லை. கம்பி கேட்டுக்கு வெளியே நின்று துஆ கேட்பார்கள். அவளும் நின்றாள். நான் இரண்டடி தள்ளி நின்றேன். பாய் ஒரு கேனைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய், பாதி தூரத்தில் நின்றுவிட்டார். தெற்குப் பக்கம் முழுக்க மொட்டையாக வெளுத்துக் கிடந்தது. வடக்கு மூலையில் மரக்கடைக்காரர் கபர் மட்டும் பச்சையாகத் தெரிந்தது.

சனோபர் துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினாள். "அதோ அது தானேத்தா? அம்மாவோடது?"

ஆமா என்று சொல்லிவிட்டுப் போங்களேன் பாய் என்று மனசுக்குள் கத்தினேன். அவள் உள்ளே வரப் போவதில்லை. ஒரு தலையாட்டல் போதும். பத்து நாளில் பிளேன் ஏறிவிடுவாள். அடுத்த தடவை வருவதற்குள் உண்மையாகவே முளைத்தாலும் முளைத்துவிடும்.

அவர் கேனைக் கீழே வைத்தார். "அது இல்லம்மா" என்றார். பிறகு, தனக்கு எதிரே இருந்த மொட்டை மேட்டைக் காட்டினார். "அம்மா இங்க இருக்கா."

அவள் அவரைப் பார்த்தாள், மேட்டைப் பார்த்தாள்.

"போட்டோ பொய்யிம்மா. நான்தான் இங்க மருந்து அடிச்சேன். அவ உசுரோட இருக்கறப்பவே அடிச்சேன். அதான் ஒண்ணும் மொளைக்க மாட்டேங்குது. அவ ஒரு கட்டில் அளவு புல்லுதான் கேட்டா. ஊரு ஒலகத்துக்கெல்லாம் போட்டுக் குடுத்தேன், அவளுக்குக் கல்லப் பதிச்சேன். மவுத்தானதுக்கு அப்புறமாச்சும் குடுக்கலாம்னு பாத்தா அதுக்கும் நானே வெஷத்தக் கொட்டி வச்சிருக்கேன்." அறுபது வயது மனிதர் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

அந்த மருந்தை விற்றது நான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். சனோபர் என் பக்கம் திரும்பவில்லை.

"தினமும் வர்றீங்களாத்தா?" என்று கேட்டாள்.

"தினமும்தான்மா. ரெண்டு வேளை. இரும்பையிலேர்ந்து நல்ல தண்ணி கொண்டாந்து ஊத்தறேன்."

அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். கோபத்தில் அழுகிறாள் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்.

"அம்மாவுக்குப் புல்லு மேலல்லாம் ஆசை இல்லத்தா. நீங்கதான் சொல்லுவீங்களாமே, புல்லு வச்சா தினமும் ரெண்டு வேளை தண்ணி ஊத்தணும், ஆளு பக்கத்துலயே இருக்கணும்னு. அத வச்சித்தான் கேட்டாங்க. 'புல்லு போட்டுட்டாருன்னா வுட்டுட்டுப் போவ மனசு வராதுடி, தண்ணி ஊத்தறதுக்காச்சும் இங்கயே இருந்துடுவாரு'ன்னு என் கிட்ட சொல்லுவாங்க."

பாய் அசையவில்லை. "என் கிட்ட ஏம்மா சொல்லல?"

"சொல்லிடாதன்னு சத்தியம் வாங்கிட்டாங்க. அவ்ளோ தூரத்துல இருக்கிற மனுஷன், மனசு கஷ்டப்பட்டுடுவாருன்னாங்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைப்பதற்கு ஒன்றுமில்லை, வந்துவிட்டது. ஆட்டோ பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். தென்னைக்குப் புண்ணாக்கு வாங்க வந்து, ஆள் இல்லாத போட்டோக்களை ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு நின்ற அந்த அம்மாவை முப்பது வருஷமாக நாங்கள் யாருமே சரியாகப் புரிந்துகொள்ளவில்லை.

நான் திரும்பிப் பார்த்தபோது பாய் மேட்டுக்குப் பக்கத்தில் இருந்தார். தண்ணீர் ஊற்றி முடித்திருந்தார். கண்ணாடி சட்டைப் பையிலேயே இருந்தது. எது பழுத்தது, எது நிற்கிறது என்று குனிந்து பார்க்கவில்லை. ஈர மண்ணுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, என்னவோ பேசிக்கொண்டிருந்தார். ஓதுகிறாரோ என்று முதலில் நினைத்தேன். ஓதும்போது இப்படி நடுவில் நிறுத்திக் காத்திருக்க மாட்டார்கள்.

சனோபரும் நானும் கேட்டுக்கு வெளியே நின்றோம். அவர் சொன்னது எங்களுக்குக் கேட்கவில்லை. பொழுது சாய்ந்து மஃரிபுக்குப் பாங்கு சொல்லும் வரைக்கும் அவர் எழுந்திருக்கவில்லை.